நிறுவல்: 'இன்ஸ்டலேஷன்' என்பதற்குத் தமிழ்

மும்பையின் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் (பி.கே.சி.) அலுவலகப் பகுதியில் இருக்கும் மேக்கர் மேக்சிட்டி வளாகத்துக்கு அக்கா மகனைக் கூட்டிப் போயிருந்தேன். சிற்பக் கலைஞர் சுதர்சன் ஷெட்டி 2012இல் அங்கே வைத்த 'ஃப்ளையிங் பஸ்' அவனுக்குப் பார்க்க வேண்டும். மும்பை நகர பஸ்களை ஓட்டும் பெஸ்ட் நிறுவனத்தின் நம் சிவப்பு டபுள் டெக்கர்தான், இரண்டு பக்கமும் எஃகுச் சிறகுகளோடு. "மாமா, இது சிலையா?" என்று கேட்டான். "இன்ஸ்டலேஷன்னு சொல்லுவாங்கடா" என்றேன். "தமிழ்ல?" என்றான். நிறுவல் என்றேன். ஏன் அந்தச் சொல் என்று சயானுக்குத் திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம்.

ஓவியத்தை எந்தச் சுவரிலும் மாட்டலாம். நிறுவல் அப்படியல்ல, அது நிற்கும் இடமும் படைப்பில் ஒரு பாதி. பொருள், ஒலி, ஒளி எது வேண்டுமானாலும் அதில் இருக்கலாம். பார்ப்பவர் அதைச் சுற்றி நடப்பார், சிலவற்றில் உள்ளேயே நுழைவார். 1950களின் கடைசியில் அமெரிக்கக் கலைஞர் ஆலன் காப்ரோ இத்தகைய படைப்புகளை 'என்விரான்மென்ட்' என்றார். 'இன்ஸ்டலேஷன்' என்ற பெயர் அப்புறம்தான் நிலைத்தது.

அந்தச் சொல்லின் பிறப்பு தேவாலயத்தில். பிஷப் போன்ற ஒருவரை அவருக்குரிய இருக்கையில் அமர்த்துவதை இடைக்கால லத்தீனில் 'இன்ஸ்டல்லாரே' என்றார்கள். 'ஸ்டல்லும்' என்றால் இருக்கை. அதன் மூலம் ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது. அங்கே நிற்கும் இடம் என்று பொருள். தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே வடாபாவ் விற்கும் 'ஸ்டால்' கூட அந்தக் குடும்பம்தான். ஆள் அமர்த்திய சொல், பிறகு இயந்திரம் பொருத்துவதற்கு வந்து, கடைசியில் கலைக்கூடத்துக்குள் புகுந்தது.

இப்போது தமிழுக்கு வருவோம். நமக்கு வேர் 'நில்'. நிற்பது நாம், இன்னொன்றை நிற்க வைத்தால் நிறுத்து, நிறுவு. பஸ் நிறுத்தம், பஸ் நிலையம், அந்த பஸ்ஸை ஓட்டும் நிறுவனம், சிறகு முளைத்த இந்த பஸ் ஆகிய நிறுவல் எல்லாம் ஒரு வேரில் கிளைத்தவை. ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு இந்த உறவைக் காட்ட முடியாது. எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் புறநானூறு. நிலையில்லாத உலகத்தில் நிலைக்க நினைத்தவர்களைப் பற்றி 165ஆம் பாட்டு 'தம்புகழ் நிறீஇத் தாம்மாய்ந் தனரே' என்கிறது. நிறீஇ என்றால் நிறுவி. மறைந்துபோகும் ஒன்று, தன் பெயரை நிலைநிறுத்திவிட்டுப் போவது. இந்த ஊர் டிராமுக்கு இதைவிடப் பொருத்தமான வரி எனக்குத் தெரியவில்லை. 1874இல் குதிரை இழுத்து ஓடத் தொடங்கி, 1907இல் மின்சாரத்துக்கு மாறி, 1964 மார்ச் 31 அன்று போரிபந்தரிலிருந்து தாதருக்குக் கடைசியாக ஓடி முடிந்தது. மாட்டுங்காவில் இருக்கும் என் அத்தை இன்றும் 'தாதர் டி.டி.' என்றுதான் சொல்வார். டி.டி. என்பது டிராம் டெர்மினஸ். டிராம் போய் அறுபது வருஷம் ஆயிற்று, பெயர் நிற்கிறது.

எது நிறுவல், எது இல்லை என்பதிலும் கவனம் வேண்டும். 2017இல் ஃப்ளோரா ஃபவுண்டனைச் சீரமைத்தபோது தரைக்கடியிலிருந்து பழைய டிராம் தண்டவாளம் வெளிப்பட்டது. அதைக் கண்ணாடிக்குள் வைத்தால் காட்சிப்பொருள். அதே இடத்தில், டிராம் மணியோசை கேட்க, நாம் அதன் மேல் நடந்து கடக்கும்படி ஒரு கலைஞர் அமைத்தால் நிறுவல். 2015இல் மும்பை டாக்ஸி இருக்கைகளுக்கு இளம் வடிவமைப்பாளர்கள் வரைந்த துணி போர்த்திய 'டாக்ஸி ஃபேப்ரிக்' நல்ல வேலை, ஆனால் அது ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுவல் என்று நான் சொல்ல மாட்டேன். ஷெட்டியின் பஸ்ஸைச் சிற்பம் என்றாலும் தவறில்லை. ஆனால் சாலையில் ஓடும் பஸ்ஸைச் சிறகு வைத்து அலுவலகக் கோபுரங்களுக்கு நடுவே நிறுத்தியதில்தான் அதன் பொருள் இருக்கிறது. அது வந்தபோது அதன் உடன்பிறப்புகள் ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தன. 1937இல் வந்த டபுள் டெக்கரின் பழைய டீசல் வண்டிகளில் கடைசியானது 2023 செப்டம்பர் 15 அன்று நின்றுபோனது.

வேறு சொற்களும் புழங்குகின்றன. 'நிர்மாணக் கலை' என்றால் கட்டடம் கட்டுவது போல ஒலிக்கிறது. 'அமைப்பு' சங்கத்துக்கும் கட்சிக்கும் போய்விட்டது. மராத்திக்காரர்கள் 'மாண்டணி', அதாவது பரப்பி வைத்தல், என்ற சொல்லை ஒட்டிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான சொல், ஆனால் அதில் இடத்தின் அழுத்தம் குறைவு. கணினியில் மென்பொருளுக்கு 'நிறுவு' என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதனால் கண்ணுக்கும் புதிதல்ல.

தனிப் படைப்பு நிறுவல், பலவானால் நிறுவல்கள், வகை நிறுவல் கலை. 'நிறுவுதல்' என்று எழுத வேண்டாம். அது செய்யும் வேலையின் பெயர்.