பிரேக் பிடித்தால் அந்தச் சூடு எங்கே போகிறது?

டென்வரில் இருக்கும் மச்சான் போன மாதம் போனில் கேட்டார்: "மாப்ளே, டிரெய்லர்ல டிரம் பிரேக்கைக் கழட்டிட்டு டிஸ்க் போடலாம்னு இருக்கேன், நல்ல செலவாகும், போடுற காசுக்குப் பலன் இருக்குமா?" அவருடைய டிரெய்லரில் படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. சாமான் ஏற்றினால் 3,500 கிலோ. அதைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு ராக்கி மலையில் ஏறி இறங்குகிறார். நான் பெங்களூரு அல்சூரில் உட்கார்ந்துகொண்டு என்ன சொல்ல? ஆனால் வருஷா வருஷம் பொங்கலுக்குச் சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போகும் லாரியிலிருந்து பிரேக் லைனர், அதாவது உராய்வுப் பட்டை, கருகும் வாடை வருமே, அவர் கேட்ட கேள்விக்கான பதில் அந்த வாடையில்தான் இருக்கிறது.

பிரேக் வண்டியின் ஓட்டத்தை அழிப்பதில்லை, சூடாக மாற்றுகிறது. 3,500 கிலோ டிரெய்லர் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 11 லட்சம் ஜூல். சாதாரணக் குழாய்த் தண்ணீர் மூன்றரை லிட்டரை எடுத்துக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். ஒருமுறை சடாரென்று நிறுத்தினால் அதில் பெரும்பகுதி சில நொடிகளுக்குள் நாலு சக்கரத்து இரும்புக்குள் இறங்கிவிடும். வேகம் இரட்டித்தால் இந்த ஆற்றல் நாலு மடங்காகும், அதனால்தான் 45-இல் நன்றாகப் பிடிக்கிற பிரேக் 90-இல் கைவிடுவதுபோலத் தோன்றுகிறது.

இறக்கம் இதைவிட மோசம். அதே டிரெய்லர் 300 மீட்டர் உயரம் இறங்கினால், நிற்காமல் ஒரே வேகத்தில் போனால்கூட, ஒரு கோடி ஜூலுக்கு மேல் எங்காவது போயாக வேண்டும். அதாவது 90-இல் இருந்து ஒன்பது முறை முழுதாக நிறுத்தியதற்குச் சமம். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், கியரைக் குறைத்தால் என்ஜின் நிறைய வாங்கிக்கொள்ளும், மிச்சம் எல்லாம் பிரேக்குக்குத்தான். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டர்கூட இல்லை. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று தொப்பூரில் வண்டியை நியூட்ரலில் விடுபவர்கள் என்ஜின் சுமக்க வேண்டிய பங்கையும் லைனர் தலையில் கட்டுகிறார்கள். எத்தனை உயிர் போயிருக்கிறது அந்தச் சாலையில். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, மச்சானுடைய டிரெய்லரில் அப்போது இருந்தது மின்சார டிரம் பிரேக். டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் கிண்ணம், அதன் உள்முகத்தில் அழுந்தி நிறுத்துவது லைனர் ஒட்டிய ஷூ. நம் ஊர் லாரி டிரெய்லரில் காற்று பிரேக், பல டிராக்டர் டிரெய்லரில் பிரேக்கே கிடையாது, அமெரிக்காவில் இந்த ரக வண்டிகளில் பெரும்பாலும் மின்காந்தம். டிரம்முக்குள் கைக்கு அடக்கமான ஒரு காந்தம் ஒரு நெம்புகோலின் நுனியில் உட்கார்ந்திருக்கும். டிரைவர் பிரேக்கை மிதித்ததும் முன்வண்டியில் உள்ள கண்ட்ரோலர் மின்சாரம் அனுப்பும், காந்தம் சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டி அதோடு இழுபடும், நெம்புகோல் திரும்பி ஷூவை டிரம்மில் அழுத்தும். சக்கரத்தின் சுழற்சியே தன்னைத்தானே நிறுத்த உதவுகிறது, எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஒரு காந்தத்துக்கு 3 ஆம்பியர் அளவு மின்சாரம் போதும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு பலவீனம், வயர். நாலு காந்தமும் சேர்ந்து ஏறக்குறைய 1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 12 வோல்ட்டில் 12 ஆம்பியர் ஓடும். மெல்லிய வயரும் துருப்பிடித்த இணைப்புகளும் சேர்ந்து வெறும் 0.2 ஓம் கூட்டினால் அது 10 ஆம்பியராகக் குறைந்துவிடும். ஆறில் ஒரு பங்கு போச்சு, காந்தத்தின் பிடியும் அதற்கேற்பத் தளரும். அதனால் மச்சானிடம் முதலில் சொன்னது, டிஸ்க் வாங்குவதற்கு முன்னால் தடிமனான வயர் போடுங்கள், எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள், ஷூவை டைட் வைத்துப் பாருங்கள். அதிலேயே நிறைய சரியாகலாம். அப்புறம் கிரீஸ் சீல் கசிந்து லைனரில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். ஏறியிருந்தால் எத்தனை வோல்ட் கொடுத்தாலும் வழுக்கத்தான் செய்யும்.

ஆனால் வயர் சூட்டைத் தீர்க்காது. ஜே.சி. ரோட்டில் ஒரு பட்டறையில் கழற்றி வைத்திருந்த லாரி டிரம்மைப் பார்த்தேன், உள்முகத்தில் நீலம் பாய்ந்து மயிரிழை வெடிப்புகள். அங்கிருந்த மேஸ்திரி தமிழர்தான், ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "சூடானா டிரம் விரியும் சார், ஷூவை விட்டு விலகிப் போகும்." அதேதான். டிரம் வெளிப்பக்கமாக விரிவதால் ஷூ இன்னும் தூரம் நகர வேண்டும். லைனரில் உள்ள பிசின் கருகி உராய்வு குறைகிறது, சூடோ மூடிய கிண்ணத்துக்குள் மாட்டிக்கொண்டு வெளியேற வழியில்லாமல் தவிக்கிறது.

டிஸ்க்கில் இது தலைகீழ். இதில் சக்கரத்தோடு சுழல்வது ஒரு தட்டு, அதை இருபுறமும் கவ்வுவது பேட். சூடானால் தட்டு தடிக்கும், தடித்தால் பேடை நோக்கித்தான் வரும். தட்டு வெளிக்காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும், மழைத் தண்ணீரையும் உதறிவிடும். ஒரு குறை உண்டு. டிரம்மில் ஷூ தானே இழுபட்டு மேலும் அழுந்துவதுபோல டிஸ்க்கில் பேட் அழுந்தாது, முழு அழுத்தத்தையும் நாம்தான் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் எலெக்ட்ரிக் ஓவர் ஹைட்ராலிக் என்ற பெட்டி. முன்வண்டியிலிருந்து வரும் அதே மின்குறிப்பை வாங்கிக்கொண்டு, ஒரு சின்ன மோட்டார் பம்ப் பிரேக் ஆயிலை 1,600 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை அழுத்தும். பேடைத் தட்டில் அழுத்தும் கவ்விதான் காலிப்பர், அதன் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனில் அது 2 டன்னுக்கு மேல். பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் சொன்ன விதிதான்.

டிரம்முக்கென்று செய்த பெட்டிகள் 1,000 பிஎஸ்ஐயோடு நின்றுவிடும், அதை வாங்கி டிஸ்க்கில் மாட்டினால் செலவு வீண். காலிப்பர் ரிம்முக்குள் இடிக்காமல் அடங்குமா என்று அளக்க வேண்டும். அப்புறம் அந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற ரகத்தில் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி அமுங்கும், பேடுக்கு அழுத்தம் போய்ச் சேராது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள் என்றேன்.

பிரேக் எவ்வளவு பெரிதானாலும் வண்டியை நிறுத்துவது கடைசியில் டயர் சாலையைப் பிடிக்கும் பிடிதான். மச்சானுடைய டிரம்மால் சுமையோடு சக்கரத்தை லாக் செய்யக்கூட, அதாவது சுழலவிடாமல் பிடிக்கக்கூட, முடியவில்லை, அப்படியென்றால் டயரின் பிடியில் ஒரு பங்கு வீணாகக் கிடக்கிறது என்று பொருள். அவர் போகும் மலைக்கு டிஸ்க் போடுவது சரி என்று அப்போதுதான் முடிவாகச் சொன்னேன். ஆக்சில் தாங்கும் எடை மட்டும் இதனால் அதிகமாகாது, அதையும் சொல்லிவைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டி முடித்தார். புது பேட் பதிய 65-இல் இருந்து 30-க்கு, நடுநடுவே ஆறவிட்டு, பலமுறை பிடிக்கச் சொன்னேன். அப்புறம் காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, கண்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்தி, சக்கரம் லாக் ஆகிற இடத்துக்குச் சற்றுக் கீழே செட்டிங்கை வைத்தார். மிஞ்சியிருந்தது அவசரச் சுவிட்ச். டிரெய்லர் கொக்கியிலிருந்து கழன்றால் அதன் கேபிள் ஊசியை உருவும், டிரெய்லரில் உள்ள பேட்டரி பிரேக்கைப் பிடிக்கும். நான் போனைக் காதில் வைத்திருக்கும்போதே, நின்ற வண்டியில் கையால் ஊசியை உருவிப் பார்த்தார். பம்ப் உறுமும் சத்தம் பெங்களூரு வரை கேட்டது.