பழைய டயல் போனில் இணைய அழைப்பு: ஒரு சிறு பெட்டி இணைப்பகமாக மாறும் விதம்

பரணில் கிடக்கும் கறுப்பு டயல் தொலைபேசியைக் கணினியோடு இணைத்து இணைய அழைப்புக்குப் பயன்படுத்த விரும்புவோரில் பலர், குரலை எண்களாக மாற்றுவதுதான் இதிலுள்ள சிக்கல் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது எளிய பகுதி. 1948இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஐ.டி.ஐ. நிறுவனம் தயாரித்த டயல் போன் ஒன்றைத் திறந்து பார்த்தால், உள்ளே மின்கலமும் இருக்காது, கணக்கிடும் சுற்றும் இருக்காது. பேசுவதற்கான மின்சாரம், டயல் டோன், சுழற்றிய எண்ணைக் கணக்கிடும் வேலை, மணியை அடிக்கும் ஆற்றல் ஆகிய அனைத்தும் தொலைவிலுள்ள தொலைபேசி இணைப்பகத்தைச் (எக்ஸ்சேஞ்ச்) சேர்ந்தவை. தொலைபேசிக்கும் அதற்கும் இடையே இருந்தவை இரண்டே செப்புக் கம்பிகள். ஆகவே அந்தக் கருவியை இணையத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், இணைப்பகம் செய்த அத்தனை வேலைகளையும் செய்ய ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும்.

அந்த வேலையைச் செய்வதற்கென்றே கிடைக்கும் பெட்டிக்கு அனலாக் தொலைபேசி அடாப்டர், சுருக்கமாக ஏ.டி.ஏ., என்று பெயர். அதன் ஒரு பக்கத்தில் வீட்டு ரூட்டரின் கேபிளும் மறுபக்கத்தில் தொலைபேசியின் கம்பியும் செருகப்படும். தொலைபேசிக் கம்பியை நேரடியாகக் கணினியின் மைக் துளையில் செருகினால் பயன் இராது. பழைய ரிசீவரிலுள்ள கார்பன் மைக், குரலின் அழுத்தத்துக்கேற்பத் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும் கரித்துகள்களால் ஆனது; அதன் வழியே 20 மில்லி ஆம்பியர் அளவிலாவது நேர்மின்னோட்டம் ஓடினால்தான் அது ஒழுங்காகப் பேசும். இணைப்பகம் 48 வோல்ட் மின்கல அடுக்கிலிருந்து இந்த மின்னோட்டத்தைத் தந்தது. அடாப்டரும் அதைப் போன்ற ஒன்றைத் தருகிறது. ரிசீவரை எடுத்ததும் சுற்று மூடி மின்னோட்டம் பாயத் தொடங்குவதைக் கொண்டே, யாரோ பேச விரும்புகிறார்கள் என்று அடாப்டர் அறிந்து டயல் டோனை ஒலிக்கச் செய்கிறது.

அடுத்து வருவது டயல். எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். விரலால் தட்டைச் சுழற்றும்போது எண் எதுவும் செல்வதில்லை. சுருள்வில் இறுகுவது மட்டுமே நடக்கிறது. விரலை எடுத்ததும் தட்டு தானாகத் திரும்பி வரும் வழியில்தான் உள்ளே ஒரு தொடுப்பு திறந்து மூடி, மின்னோட்டத்தைத் துண்டித்துத் துண்டித்து அனுப்புகிறது. 5 என்றால் ஐந்து துண்டிப்புகள், 0 என்றால் பத்து. சுழற்றுபவர் அவசரக்காரராக இருந்தாலும் நிதானமானவராக இருந்தாலும், திரும்பும் வேகத்தை ஒரு சிறு மையவிலக்குக் கட்டுப்பாட்டுக் கருவி நொடிக்குப் பத்துத் துடிப்புகள் என்ற அளவில் நிறுத்தி வைக்கிறது. ஒவ்வொரு துண்டிப்பும் ஏறத்தாழ 60 முதல் 67 மில்லிநொடி வரை நீடிக்கும். காதில் கடகடவென்று கேட்காமலிருக்க, அந்த நேரத்தில் வேறொரு தொடுப்பு ரிசீவரின் காதுப் பகுதியைக் குறுக்குச்சுற்றாக்கிவிடும்.

அடாப்டர் இந்தத் துண்டிப்புகளின் கால அளவை வைத்தே அவற்றின் பொருளை முடிவு செய்கிறது. 60 மில்லிநொடி அளவிலானவை எண்ணின் துடிப்பு. சில நூறு மில்லிநொடி நீடித்தால் ரிசீவர் அமரும் கொக்கியைத் தட்டியதாக, அதற்கும் மேல் நீண்டால் ரிசீவரை வைத்துவிட்டதாகக் கொள்ளப்படும். பல ஆண்டுகளாகக் கிடந்த டயலில் எண்ணெய் காய்ந்து தட்டு மெதுவாகத் திரும்பினால் இந்தக் கணக்கு குழம்பித் தவறான எண் போய்ச் சேரும். அப்போது அடாப்டரைக் குறை சொல்வதைவிட டயலைச் சுத்தம் செய்வதே சரியான மருந்து. இன்னொரு தடையும் உண்டு. 1963இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய பொத்தான் முறையில், ஒவ்வொரு எண்ணும் இரண்டு சுரங்களின் சேர்க்கையாகச் செல்கிறது; 5 என்பது 770, 1336 ஹெர்ட்ஸ் சுரங்கள் இரண்டும் சேர்ந்தது. இன்றைய அடாப்டர்களில் பல இந்தச் சுரங்களை மட்டுமே புரிந்துகொள்பவை. எனவே துடிப்பு டயலை ஏற்கும் என்று கையேட்டில் உறுதி செய்துகொண்டுதான் வாங்க வேண்டும். இல்லையெனில் துடிப்பைச் சுரமாக மாற்றும் துணைக்கருவி ஒன்றை இடையில் சேர்க்க வேண்டும்.

மணி அடிப்பது இதைவிடக் கடினம். இரு கிண்ணங்களுக்கு நடுவே ஆடும் சுத்தியலை அசைக்க, 75 வோல்ட்டுக்கு அருகில், நொடிக்கு 20 அல்லது 25 சுழற்சி கொண்ட மாறுமின்னோட்டம் வேண்டும். அடாப்டருக்கு வருவதோ பெரும்பாலும் 5 அல்லது 12 வோல்ட் மட்டுமே. அதை உள்ளேயே உயர்த்த வேண்டியிருப்பதால், மலிவான பெட்டிகளில் மணி முனகுவதோடு நின்றுவிடுவதுண்டு. மணியடிக்கும் நேரத்தில் வெறுங்கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அமைப்புகளில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அவசியம் மாற்றுங்கள். அமெரிக்க முறையில் இரண்டு நொடி ஒலித்து நான்கு நொடி ஓயும் மணி, இந்திய முறையில் 0.4 நொடி, சிறு இடைவெளி, மீண்டும் 0.4 நொடி என்று இரட்டையாக ஒலித்து இரண்டு நொடி ஓயும்.

இவ்வளவுக்குப் பிறகு குரல். அடாப்டர் நொடிக்கு 8000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் குறிக்கிறது. 20 மில்லிநொடிக்குரிய 160 பைட்டுகளை ஒரு பொட்டலமாகக் (பாக்கெட்) கட்டி, முகவரிக்காக 40 பைட்டுகள் சேர்த்து அனுப்புகிறது. ஒரு திசைக்கு நொடிக்கு 80 கிலோபிட் போதும் என்பதால் இணைய வேகம் ஒரு பொருட்டே அல்ல. பொட்டலங்கள் முன்பின்னாக வந்து சேர்வதும் தாமதமுமே தொல்லை தருபவை. ஒரே இரட்டைக் கம்பியில் இரு திசைக் குரல்களும் ஓடுவதால், எதிர்முனையில் இருப்பவரின் குரலில் ஒரு பங்கு நம் கம்பியிலிருந்து திரும்பி அவருக்கே செல்லும். உள்ளூர் இணைப்பில் அது உடனே திரும்பியதால் யாரும் உணரவில்லை. இணையத்தின் தாமதம் சேரும்போது அது தெளிவான எதிரொலியாகிவிடுகிறது. அந்த எதிரொலியை முன்கூட்டியே கணித்துக் கழிக்கும் நிரல் அடாப்டருக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

கணினியின் பங்கு அழைப்புகளை வழிநடத்துவது. மார்க் ஸ்பென்சர் 1999இல் எழுதத் தொடங்கிய ஆஸ்டிரிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருளை ஒரு பழைய கணினியிலோ ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியிலோ நிறுவி, அடாப்டரை அதில் ஒரு நீட்டிப்பு எண்ணாக (எக்ஸ்டென்ஷன்) பதிந்தால், வீட்டுக்குள்ளேயே டயல் போனிலிருந்து கைப்பேசிச் செயலிக்கு அழைக்கலாம். வெளி எண்களுக்குப் பேச உரிமம் பெற்ற நிறுவனத்தின் கணக்கு தேவை. இணைய அழைப்புகளை உரிமமின்றிப் பொதுத் தொலைபேசி எண்களுக்குத் திருப்பிவிடுவது இந்தியாவில் குற்றமாகும். அடாப்டரின் தொலைபேசித் துளையை, தொலைபேசி நிறுவனத்தின் உயிருள்ள கம்பியோடு ஒருபோதும் இணைக்க வேண்டாம். இரு மின்வழங்கிகள் மோதி அடாப்டர் கருகிவிடும். இணைப்பகத்தின் மின்கலங்கள் மின்வெட்டிலும் பழைய தொலைபேசியை இயங்க வைத்தன. இப்போது அந்தப் பொறுப்பும் நம்முடையது என்பதால், அடாப்டர், ரூட்டர், கணினி மூன்றையும் ஒரே யூ.பி.எஸ்.ஸில் இணைத்து வைக்க வேண்டும்.