செயலியை விட்டுப் போனவர்கள் எங்கே?

ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்குள் மூன்று பேரில் குறைந்தது இருவருக்கு ஏதேனும் ஒரு வகைத் தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. சட்டை போடு, சன்ஸ்கிரீன் பூசு, தொப்பி அணி என்று 1981-இல் தொலைக்காட்சியில் தொடங்கிய பிரசாரம் இன்று கைப்பேசிக்கு வந்துவிட்டது. குறுஞ்செய்தி நினைவூட்டல்கள், வெயிலில் புற ஊதாக் கதிரின் கடுமையை எண்ணால் சொல்லும் புற ஊதாக் குறியீட்டைக் காட்டும் செயலிகள், மச்சத்தைப் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பும் வசதி எல்லாம் இருக்கின்றன. குவீன்ஸ்லாந்தில் தோல் பரிசோதனைப் பணியில் இருக்கும் எனக்கு இவற்றின் மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் ஆர்வமாகச் சேர்ந்தவர்களில் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஏன் நின்றார்கள் என்று கேட்பார் இல்லை என்பதுதான் என் கவலை.

இணையவழி உடல்நலத் திட்டங்களில் இடைநிற்றல் இயல்பான ஒன்று, அதையே தனியாக ஆராய வேண்டும் என்று இணையவழி உடல்நல ஆய்வாளர் குன்தர் ஐசன்பாக் 2005-லேயே எழுதினார். ஆய்விலிருந்து விலகிப்போவது ஒரு வகை. பெயர் பட்டியலில் இருக்க, செயலியைத் திறக்காமலே இருப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை எளிதில் கண்ணில் படுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேர் சேர்ந்து, கடைசிக் கேள்விப் படிவத்தை 40 பேர் மட்டும் நிரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 32 பேர் சன்ஸ்கிரீன் பூசுவதாகச் சொன்னால், ‘80 சதவீதம் வெற்றி’ என்று அறிக்கை எழுதிவிடலாம். சேர்ந்த 100 பேரை வைத்துப் பார்த்தால், பூசுவதாக நமக்குத் தெரிவது 32 பேர்தான்; மீதி 60 பேரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. கடைசிவரை நின்றவர்கள் பெரும்பாலும் முன்பே அக்கறை உள்ளவர்களாக இருப்பார்கள். நாள் முழுக்கக் கூரை வேலை செய்யும் இளைஞர் அந்த நாற்பதில் இருப்பாரா என்பதே என் கேள்வி.

விட்டுப் போகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முதுகைப் படமெடுக்கச் சொல்கிறது செயலி. தனியாக வாழும் எழுபது வயதுப் பெரியவர் என்ன செய்வார்? குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலே கைப்பேசியைத் திருப்பிப் பிடித்து, குத்துமதிப்பாக அழுத்துகிறார். படம் கலங்கலாக வருகிறது. ‘மீண்டும் எடுக்கவும்’ என்கிறது திரை. இரண்டு முறை அப்படி நடந்தால் போதும், பிறகு அவர் திறக்கவே மாட்டார். ஆண்களுக்கு மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோய் அதிகம் வரும் இடமே முதுகும் உடம்பின் நடுப்பகுதியும்தான் என்பதை நினைத்தால் மனம் பதைக்கிறது.

இடமும் பருவமும் அறியாத செய்திகளும் ஆட்களை விரட்டுகின்றன. புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டால் பாதுகாப்பு வேண்டும். குவீன்ஸ்லாந்தில் ஆண்டு முழுக்க அந்த அளவு இருக்கும். தெற்கே மெல்போர்னில் குளிர்காலமான ஜூன், ஜூலையில் பொதுவாக அதற்குக் கீழே இறங்கிவிடும். அங்கே மழைக்கோட்டோடு நடப்பவருக்கு ‘சன்ஸ்கிரீன் பூசினீர்களா?’ என்று தினமும் அனுப்பினால், அவர் அறிவிப்பையே நிறுத்திவிடுவார். டிசம்பர் கோடை வெயிலிலும் அந்த அறிவிப்பு நின்றபடியேதான் இருக்கும்.

நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்கு வேறொரு காரணம். ‘வெயிலில் தோல் எளிதில் சிவக்குமா?’ என்ற கேள்வியிலேயே, இது நமக்கானதல்ல என்று தோன்றிவிடுகிறது. நமக்கு மெலனோமா அரிதுதான். வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயிலோடு பெரிதாகத் தொடர்பில்லாத இடங்களில் வருவதுண்டு. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது. 1981-இல் 36 வயதில் இறந்தார். அந்த இடங்களைப் பார்க்கச் சொல்லாத செயலியை நம்மவர் நீக்கினால் குற்றம் யாருடையது?

குவீன்ஸ்லாந்தின் நாம்பூரில் 1992-இல் 1,621 பேரோடு தொடங்கிய சன்ஸ்கிரீன் ஆய்வில், திருப்பிக் கொடுத்த புட்டிகளை எடைபோட்டு, உண்மையில் எவ்வளவு பூசினார்கள் என்று பார்த்தார்கள். அந்த மக்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் தொடர்ந்ததால்தான், தினமும் பூசினால் மெலனோமாவும் குறைகிறது என்பது 2011-இல் வெளிவந்தது. அந்தப் பிடிவாதம் செயலித் திட்டங்களுக்கும் வேண்டும். ஒருவர் சில வாரங்கள் திறக்கவில்லையென்றால் இன்னொரு தானியங்கிச் செய்தி பயன் தராது. செவிலியர் ஒருவர் போனில் கூப்பிட்டு ‘எது சிரமமாக இருந்தது?’ என்று கேட்கட்டும். ‘எனக்குத் தேவையானது தெரிந்துவிட்டது, போதும்’ என்று பதில் வந்தால் அதையும் தனியாகக் குறித்துக்கொள்ளட்டும்.

நீங்களும் இப்படியொரு செயலியை நீக்கியவராக இருந்தால், பரிசோதனைக்கு அது தேவையே இல்லை. நிறமோ வடிவமோ மாறும் மச்சம், ஆறாத புண், நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோடு இவற்றில் ஏதாவது இருந்தால் நேராக மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகை அவர் பார்த்துக்கொள்வார்.