மருந்து ஏறியதும் உருமாறும் வண்டி

ஒரு குடுவையில் தண்ணீர் போலவே தெளிந்த கரைசல் இருக்கிறது. கையில் எடுத்து ஒரு சுழற்று சுழற்றிச் சட்டென்று நிறுத்தினால், உள்ளே ஓடிக்கொண்டிருந்த குமிழிகள் அப்படியே நிற்பதில்லை. இழுத்துவிட்ட ரப்பர் போல, வந்த வழியே கொஞ்சம் பின்வாங்குகின்றன. இத்தனைக்கும் அந்தக் கரைசலில் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மீதி இரண்டே பொருள்கள்: சிடிஏபி என்ற சர்ஃபாக்டன்ட் (சோப்பு வகைப் பொருள்) கொஞ்சம், சோடியம் சாலிசிலேட் கொஞ்சம். இரண்டையும் தனித்தனியாக அதே அளவில் கரைத்தால் தண்ணீர் போலத்தான் ஓடும். சேர்ந்தால் மட்டும் இந்த மீள்தன்மை எங்கிருந்து வருகிறது?

சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீரோடு ஒட்டாத எண்ணெய்த்தன்மையுள்ள வால் ஒன்று. குறைந்த அளவில் கரைத்தால் இவை நீரின் மேற்பரப்பில் போய் வாலை வெளியே நீட்டிக்கொண்டு அடுக்கிக்கொள்ளும். மேற்பரப்பு நிரம்பிய பிறகும் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் வால்களை உள்ளே ஒளித்து, தலைகளை வெளியே காட்டிக் கூட்டம் கூட்டமாகத் திரளும். அந்தத் திரள்தான் மிசெல். திரளத் தொடங்கும் அளவுக்கு மாறுநிலை மிசெல் செறிவு என்று பெயர். எஸ்டிஎஸ் (சோடியம் டோடெசைல் சல்ஃபேட்) என்ற சர்ஃபாக்டன்டுக்கு, 25 டிகிரி செல்சியஸில் தூய நீரில், இது லிட்டருக்குச் சுமார் 8 மில்லிமோல். அதன் ஒரு மிசெலில் ஏறத்தாழ 60 மூலக்கூறுகள் இருக்கும். குறுக்களவு சுமார் 4 நானோமீட்டர்.

மிசெலைக் கல் உருண்டை போல நினைத்துவிடக் கூடாது. மூலக்கூறுகள் ஓயாமல் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருக்கின்றன. அதனால்தான் நீரில் வேறு எதைச் சேர்த்தாலும் அது உடனே பாதிக்கப்படுகிறது.

எளிமையான சேர்பொருள் உப்பு. எஸ்டிஎஸ் தலைகள் எதிர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பிலிருந்து வரும் சோடியம் அயனிகள் அந்தத் தலைகளைச் சூழ்ந்து விலக்கத்தைத் தணிக்கின்றன. கூடுவது சுலபமாகிறது. லிட்டருக்கு 0.1 மோல் சாதாரண உப்பு இருந்தாலே எஸ்டிஎஸ்ஸின் 8 மில்லிமோல் ஏறக்குறைய 1.5 ஆக இறங்கிவிடும். யூரியா இதற்கு நேர்மாறு: வால்கள் நீரில் இருப்பதைச் சற்று எளிதாக்குவதால், திரள வேண்டிய அவசரம் குறைகிறது, மாறுநிலைச் செறிவு ஏறுகிறது. எத்தனாலின் போக்கு இன்னும் சுவையானது. சிறிதளவு சேர்த்தால் தலைகளுக்கு நடுவே புகுந்து மிசெல் உருவாக உதவும். நிறையச் சேர்த்தால் கரைப்பானின் குணமே மாறி, மிசெல் உருவாவதே கடினமாகிவிடும்.

சரி, மருந்துகளுக்கு வருவோம். பல மருந்துகள் தண்ணீரில் எளிதில் கரையாதவை. அவற்றை மிசெலுக்குள் ஏற்றிக் கரைப்பது மருந்துத் தயாரிப்பில் பழகிய வழி. மிசெலை ஒரு வண்டியாகவும் மருந்தை அதில் சும்மா உட்கார்ந்துவரும் பயணியாகவும் பலர் விளக்குவார்கள். எனக்கு அந்த விளக்கம் போதாது. பயணி எங்கே உட்காருகிறார் என்பதைப் பொறுத்து வண்டியின் உருவமே மாறுகிறது.

முழுக்க எண்ணெய்த்தன்மையுள்ள மருந்து வால்களுக்கு நடுவே, மையத்துக்குப் போகும், மிசெல் பருக்கும். ஒரு பக்கம் எண்ணெய்த்தன்மையுள்ள கார்பன் வளையமும் மறுபக்கம் மின்சுமையும் உள்ள மருந்து விளிம்பில் தங்கும். குளோர்புரோமசின், அமிட்ரிப்டிலின் போன்ற மனநல மருந்துகள் அந்த வகை. அவையே பாதி சர்ஃபாக்டன்ட் மாதிரிதான். போதுமான செறிவில் தாமாகவே திரளும். நேர்மின்சுமை கொண்ட இவற்றை எஸ்டிஎஸ்ஸோடு கலந்தால், எதிரெதிர் சுமைகள் ஈர்த்துக்கொண்டு, இரண்டும் தனித்தனியே திரளும் அளவைவிட மிகக் குறைந்த செறிவிலேயே கலப்பு மிசெல் உருவாகும். சில விகிதங்களில் கரைசல் கலங்கி வீழ்படிவும் விழும்.

குடுவையில் நடந்ததும் இந்த விளிம்பு வேலைதான். ஆஸ்பிரின் உடலில் சிதைந்து தருவதே சாலிசிலேட். அதன் வளையம் சிடிஏபி தலைகளுக்கு நடுவே செருகிக்கொள்ள, அதன் எதிர்மின்சுமை தலைகளின் நேர்மின்சுமையைத் தணிக்கிறது. தலைகள் நெருங்கியதும் உருண்டை வடிவம் கட்டுப்படியாகாது. மிசெல் உருளையாக நீள்கிறது, பிறகு புழு போல வளைந்து வளைந்து வளர்கிறது. நீண்ட நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்போது, தண்ணீருக்கு ரப்பரின் குணம் வந்துவிடுகிறது.

இது பரிசோதனைக்கூட வேடிக்கையோடு நிற்பதில்லை. புற்றுநோய் மருந்தான பேக்லிடாக்செல் நீரில் கரையாது என்பதால், அதன் முதல் ஊசி வடிவத்தை ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த ஒரு சர்ஃபாக்டன்டிலும் எத்தனாலிலும் கரைத்தார்கள். அந்த மிசெல்கள் இரத்தத்திலும் மருந்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மருந்தளவை இரட்டிப்பாக்கினால் இரத்தத்தில் இருக்கும் அளவும் சரியாக இரட்டிப்பாவதில்லை. அந்த சர்ஃபாக்டன்டே ஒவ்வாமையையும் தூண்டக்கூடியது. ஆகவே ஊசிக்கு முன்பே ஒவ்வாமை தடுப்பு மருந்துகள் கொடுக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், கிரீம்களில் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் பாரபென்கள், பாலிசார்பேட் என்ற சர்ஃபாக்டன்டின் மிசெல்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். நீரில் சுதந்திரமாக இருக்கும் பங்குதான் கிருமியைக் கட்டுப்படுத்தும் என்பதால், சேர்த்த அளவு கணக்கில் சரியாக இருந்தும் பாதுகாப்பு குறைந்துபோகும்.

இதையெல்லாம் அளக்கும் முறை எளிதானது. சர்ஃபாக்டன்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே மேற்பரப்பு இழுவிசையை அளந்து வரைபடமாக வரைந்தால், தூய நீரின் 72 மில்லிநியூட்டன்/மீட்டரிலிருந்து இறங்கி இறங்கி, ஓரிடத்தில் கோடு படுத்துவிடும். கோடு திரும்பும் அந்த இடம்தான் மாறுநிலைச் செறிவு. ஆனால் தூய நீரில் எடுத்த அந்த எண் ஊசிமருந்துக்குப் போதாது. இரத்தம் மருந்தை நீர்த்துப்போகச் செய்கிறது. செறிவு மாறுநிலைக்குக் கீழே போனால் மிசெல் கலைந்து மருந்து வெளியே விழும். அதே இரத்தத்தில் இருக்கும் உப்போ, மின்சுமையுள்ள சர்ஃபாக்டன்டின் மாறுநிலையைக் கீழே இறக்குகிறது. அல்புமின் போன்ற புரதங்கள் சர்ஃபாக்டன்டைப் பிடித்துக்கொண்டு வேறு திசையில் இழுக்கின்றன. அதனால் மருந்தும் உப்பும் புரதமும் கூடவே இருக்க, 37 டிகிரியில், அதே கோட்டை மறுபடி வரைய வேண்டியிருக்கிறது.