இன்புட் லேக்: டிவி பெட்டியில் அச்சிடாத சொல்

கேம் கன்சோலுக்காக டிவி வாங்கப் போனால் காதில் விழும் சொற்கள் நிறைய. ஃபோர்கே, எச்டிஆர், ஓலெட், 120 ஹெர்ட்ஸ் என்று எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே பெரிய எழுத்தில் இருக்கும். விளையாடுகிறவருக்கு அவசியமான ஒரு சொல்லை மட்டும் அந்தப் பெட்டியில் தேடினாலும் பார்ப்பது அரிது. அதுதான் இன்புட் லேக்: விசையை அழுத்தியபின் அது திரையில் தெரிவதற்குள் டிவியால் ஆகும் தாமதம்.

எனக்கு இந்தச் சொல் அறிமுகமானது அண்ணன் மகனால். வீட்டுக்குப் புது டிவி வந்த அன்று கிரிக்கெட் கேமைப் போட்டான். பத்தே நிமிடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, “சித்தப்பா, நான் அப்பவே அடிச்சிட்டேன், அவன்தான் லேட்டா அடிக்கிறான்” என்றான். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. படம் பழைய டிவியைவிடப் பளிச்சென்று இருந்தது. கன்சோல்தான் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதில் ஒன்றுமில்லை. கடைசியில் டிவி மெனுவில் ‘கேம் மோடு’ என்ற ஒன்றைப் போட்டதும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

சரி, நடப்பது என்ன? கன்சோல் அனுப்பும் படத்தை இன்றைய டிவி அப்படியே காட்டிவிடுவதில்லை. அளவை மாற்றும், படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்கும், வண்ணத்தைத் திருத்தும். இவற்றில் அதிக நேரம் தின்பது, அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங். இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத ஒரு படத்தை டிவி தானே வரைந்து செருக வேண்டும். அதற்கு அடுத்த படம் வந்து சேரும்வரை கையில் இருப்பதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 60 படம் ஓடும்போது, ஒரு படத்துக்கான நேரம் 16.7 மில்லிசெகண்டு. இப்படிச் சில படங்கள் தேங்கினாலே 100 மில்லிசெகண்டு போய்விடும். சினிமா பார்க்கும்போது இது யாருக்கும் தெரியாது, ஒலியையும் அதே அளவு தள்ளிவிட்டால் போதும். விளையாடுகிறவருக்கு அப்படியல்ல. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய ஏறக்குறைய அரை வினாடிதான் ஆகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கை டிவி விழுங்கிவிட்டால் பையன் என்ன செய்வான்? கேம் மோடு போட்டால் இந்த வேலைகளில் பெரும்பாலானதை டிவி விட்டுவிடும்.

பழைய குழாய் டிவியில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. வந்த சிக்னல் அப்படியே கதிராகித் திரையில் கோடு கோடாக விழுந்துவிடும். நின்டெண்டோவின் வாத்து சுடும் விளையாட்டான ‘டக் ஹன்ட்’ பலருக்கு நினைவிருக்கும். விசையை அழுத்திய கணம் திரை கறுக்கும், வாத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளியுணரி அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழுந்தது என்று கணக்கு. அந்தத் துப்பாக்கியை எல்சிடி டிவி முன்னால் பிடித்தால் ஒரு வாத்தும் விழாது. வெள்ளைக் கட்டம் திரைக்கு வருவதற்குள் துப்பாக்கி பார்க்க வேண்டிய நேரம் முடிந்துவிடுவது அதற்கு முக்கியமான காரணம்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ‘லேக்’ 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் இருக்கிறது. ஓட்டத்திலோ ஆட்டத்திலோ கடைசியாக வருகிறவர் என்பது அதன் பழைய பொருள். பிறப்பு பற்றி ஒரே முடிவு இல்லை. மெல்ல நடப்பதைக் குறிக்கும் ஸ்காண்டிநேவியச் சொல்லோடு உறவு சொல்கிறவர்கள் உண்டு. இன்னொரு விளக்கம்தான் எனக்குப் பிடித்தது. இங்கிலாந்தின் சில வட்டாரங்களில் பிள்ளைகள் விளையாடும்போது முதலாள், இரண்டாமாள், கடைசியாள் என்பதை ‘ஃபாக், செக், லேக்’ என்று எண்ணினார்களாம். நம் பிள்ளைகள் ‘சாட் பூட் த்ரீ’ போடுவது போல. அது உண்மையானால், தெருவில் பிள்ளைகள் விளையாட்டில் பிறந்த சொல் சுற்றிச் சுற்றி மறுபடி விளையாட்டுக்கே வந்திருக்கிறது.

நடுவில் அது மின்னியலில் தங்கியது. கம்பிச்சுருளில் மின்னோட்டம் மின்னழுத்தத்தைவிடப் ‘பின்தங்கும்’ என்று பள்ளி இயற்பியலில் படித்தோமே, அங்கே ஆங்கிலத்தில் நிற்பது இதே லேக்தான்.

டிவி மெனுவில் இதற்குப் பக்கத்து வீட்டுச் சொல் ஒன்றும் வரும்: லேட்டன்சி. ‘மறைந்திருத்தல்’ என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பனி உருகும்போது வெப்பமானியில் தெரியாமல் உள்ளே போகும் வெப்பத்தை நம் பாடநூல்கள் ‘உள்ளுறை வெப்பம்’ என்கின்றன. அந்த உள்ளுறைதான் இதுவும். விசையை அழுத்தியதற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவே ஒளிந்திருக்கும் நேரம்.

இன்புட் லேக்கைத் தமிழில் ‘உள்ளீட்டுத் தாமதம்’ என்று எழுதுகிறார்கள். அதில் எனக்கு இரண்டு குறை. முதலாவது ‘உள்ளீடு’. ஆங்கிலத்திலேயே இங்கு குழப்பம் இருக்கிறது. டிவியைச் சோதிக்கிறவர்கள் இன்புட் என்று சொல்வது, கன்சோலின் கேபிளைச் செருகும் எச்டிஎம்ஐ துளைக்குள் நுழையும் சிக்னலை. விளையாடுகிறவர் நினைப்பது தன் விரல் அழுத்தத்தை. நாமும் அப்படியே மாற்றி வைத்தால் அந்தக் குழப்பமும் கூடவே வந்துவிடும்.

இரண்டாவது ‘தாமதம்’. வடமொழித் ‘தாமச’த்திலிருந்து வந்து நன்றாக வேரூன்றிய சொல்தான், எல்லாருக்கும் புரியும். ஆனால் ரயில் தாமதம், சம்பளம் தாமதம் என்று ஏதோ ஒன்று ஒருமுறை பிந்துவதைத்தான் அது முதலில் நினைவூட்டுகிறது. ‘பின்னடைவு’ என்றாலோ வாக்கு எண்ணிக்கை நாள்தான் கண்முன் வரும்.

நான் சொல்வது ‘சுணக்கம்’. சுணங்குதல் என்றால் சோர்தல், தளர்தல், காலம் கடத்துதல். சங்கப் பாடல்களில் மகளிர் மேனியில் படரும் பொன்னிறத் தேமலுக்குப் பெயரான சுணங்கு வேறு, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இலங்கைத் தமிழில் ‘சுணங்காமல் வா’, ‘சுணங்கிப் போச்சு’ என்பது அன்றாடப் பேச்சு. இங்கும் ‘பணிகளில் சுணக்கம்’ என்று செய்தித்தாளில் படிக்கிறோம். ஒரு பொருள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் ஓட்டம் முழுக்க ஒரு மந்தம் கலந்திருக்கிறது என்ற சாயல் இதில் இருக்கிறது. லேக் அடிக்கும் டிவி செய்வது அதைத்தான். வினையாகவும் சுலபமாக வரும்: ‘இந்த டிவி சுணங்குது’.

டிவியால் வருவதைத் ‘திரைச் சுணக்கம்’ என்றும், ஆன்லைன் ஆட்டத்தில் சர்வருக்குப் போய்வரும் நேரத்தால் வருவதை ‘இணையச் சுணக்கம்’ என்றும் பிரித்துச் சொல்லலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் லேக் என்று சொல்லிவிட்டு, டிவி செய்த தப்புக்கு இணைப்பைத் திட்டுகிறவர்கள் ஏராளம்.

ரெஸ்பான்ஸ் டைம் என்று பெட்டியில் ‘1 மில்லிசெகண்டு’ போட்டிருந்தால் அதையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. ஒரு பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற ஆகும் நேரம் அது. அது கூடினால் படத்தின் பின்னால் நிழல் இழுபடும், அவ்வளவுதான்.

அப்புறம் வாங்கும் விஷயம். கடையில் ‘கேம் மோடில் திரைச் சுணக்கம் எவ்வளவு’ என்று கேளுங்கள். சாதாரண மோடில் 100 மில்லிசெகண்டைத் தொடும் டிவிகூட கேம் மோடில் 20க்குக் கீழே இறங்கலாம். இன்றைய நல்ல டிவிகள் 60 ஹெர்ட்ஸில் 10ஐ ஒட்டியும், 120 ஹெர்ட்ஸில் அதில் பாதியளவும் வருகின்றன. எச்டிஎம்ஐ இணைப்பின் 2.1 பதிப்பில் வந்த ஆட்டோ லோ லேட்டன்சி மோடு இருந்தால், கன்சோல் கேட்டதும் டிவி தானாகவே கேம் மோடுக்குப் போய்விடும். வாங்கும் டிவியில் இது இருப்பது நல்லது.

கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் ஒரு லேப்டாப்பைக் கொண்டுபோய் எச்டிஎம்ஐ கேபிளில் இணையுங்கள். இரண்டு திரையிலும் ஒரே ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். போனில் இரண்டும் தெரியும்படி நாலைந்து படம் எடுங்கள். லேப்டாப்பில் 12.480 என்றும் டிவியில் 12.400 என்றும் இருந்தால், டிவி லேப்டாப் திரையைவிட 80 மில்லிசெகண்டு சுணங்குகிறது. பிறகு கேம் மோடைப் போட்டுவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து கன்சோலை வேறு துளையில் செருகினால், பல டிவிகளில் அந்தத் துளைக்கும் தனியாக கேம் மோடு போட வேண்டியிருக்கும்.