தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம்?

நாமக்கல் அருண் பிரபு ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் கட்டிய வீட்டின் படம் பரவியதிலிருந்து, "அண்ணே, எனக்கும் சக்கரம் வைத்த வீடு வேணும்" என்று எங்கள் வெல்டிங் பட்டறைக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். சிலர் தாங்களே கட்டி முடித்துவிட்டு, காரோடு பிணைத்து இழுக்க முன்பக்கம் கொக்கி மாட்ட மட்டும் வருகிறார்கள். எனக்குப் பயமெல்லாம் இவர்களை நினைத்துத்தான்.

போன வருடம் ஒரு தம்பி அப்படி வந்தார். ஒற்றை ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) டிரெய்லர், சதுரக் குழாய்ச் சட்டம், பிளைவுட் சுவர். மூலைமட்டம் அவ்வளவு சுத்தம், தேர்ந்த ஆசாரியின் கைவேலை போல. "காலியா ஓட்டினப்ப நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. சாமான் ஏத்தி பைபாஸ்ல 60-ஐத் தாண்டினா பின்னாடி பாம்பு மாதிரி நெளியுது" என்றார்.

எடைமேடையில் ஏற்றினோம்: 1,200 கிலோ. அரிசி மண்டியிலிருந்து தராசை வாங்கி வந்து, அடியில் செங்கல் அடுக்கி, டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி கொக்கியை அதன்மேல் இறக்கினேன். வெறும் 10 கிலோ! மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும். அது குறைந்தால் வேகத்தில் வால் ஆடும். ஆட ஆட, இழுக்கும் காரையும் சேர்த்துத் திருப்பிவிடும்.

குளியலறை பின்னால் என்பதால் 200 லிட்டர் தொட்டியையும் பின்சுவரை ஒட்டியே வைத்திருந்தார். ஆக்சிலிலிருந்து தொட்டி ஒன்றரை மீட்டர் பின்னால், கொக்கி மூன்று மீட்டர் முன்னால். பிள்ளைகள் ஏறி ஆடும் சீ-சா பலகை போலத்தான் கணக்கு: பின்னால் 200 கிலோ தண்ணீர் அழுத்தினால் முன்னால் 100 கிலோ தூக்கிவிடும். தொட்டியைக் காலி செய்து வைத்தபோது தராசு 110 காட்டியது. தொட்டியை ஆக்சிலுக்கு ஓர் அடி முன்னால் நகர்த்தி நிரப்பினோம். 130 வந்தது.

டயரையும் மாற்றச் சொன்னேன். பழைய கார் டயர். பக்கவாட்டில் சுமை எண் 82. ஒன்றுக்கு 475 கிலோ, இரண்டும் சேர்ந்து 950தான் தாங்கும். எட்டுக்கு நாலு அடி 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றே சுமார் 20 கிலோ என்பதை வீட்டை வரையும்போது யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, கேஸ். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேலே ஜன்னல் இருப்பது போதாது, தரையை ஒட்டியும் காற்றுப்போக்கி வையுங்கள். சிலிண்டரை வெளியே, அடியில் துளையுள்ள பெட்டியில் வைப்பதுதான் நல்லது.

ஏற்கெனவே பதிவான வண்டியின்மேல் கட்டுவதாக இருந்தால், தயாரித்த நிறுவனம் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இடம் தராது. இரும்பு வெட்டும் முன்பே வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்க் கேட்டுவிடுங்கள். அந்தத் தம்பி இப்போது ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் கொக்கியைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.