உயிரிப் பெருக்கமா, உணவுவழிச் செறிவேற்றமா?

ஓர் உயிரை மற்றோர் உயிர் தின்னும் உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்ல, உடலில் நஞ்சின் செறிவு கூடுவதைக் குறிக்கும் 'பயோமேக்னிஃபிகேஷன்' என்பது கிரேக்கமும் இலத்தீனும் கலந்த சொல். முன்பகுதியான 'பயோஸ்', உயிர்வாழ்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பின்பகுதி, பெரியது என்று பொருள்படும் 'மேக்னஸ்', செய்தல் என்று பொருள்படும் 'ஃபேசெரே' ஆகிய இலத்தீன் சொற்களின் வழி வந்தது. இதை 'உயிரிப் பெருக்கம்' எனத் தமிழில் எழுதுகிறோம். இனப்பெருக்கம், மக்கள்பெருக்கம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, உயிரிகள் எண்ணிக்கையில் கூடுகின்றன என்றே இச்சொல் ஒலிக்கும். நிகழ்வதோ நேர்மாறானது.

கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில், கடிக்காவிட்டாலும் கூட்டமாக மொய்த்துத் தொல்லை தந்த ஒரு சிறு பூச்சியை ஒழிப்பதற்காக 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டைகுளோரோ டைஃபினைல் டைகுளோரோ ஈத்தேன் என்னும் பூச்சிக்கொல்லியைக் கலந்தனர். நாம் நன்கறிந்த டி.டி.டி.யைவிட ஒரு குளோரின் அணு குறைந்த சேர்மம் இது. சுருக்கி எழுதினால் இரண்டுமே தமிழில் 'டி.டி.டி.' ஆகிவிடுவதால், முழுப்பெயரைச் சொல்லித்தான் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

பிந்தைய இரு முறைகளிலும் கலந்த அளவு, 5 கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு மட்டுமே. கடைசியாகக் கலந்த சிறிது காலத்திற்குள் ஏரி நீரைச் சோதித்தபோது நஞ்சு தென்படவில்லை. ஆனால் மிதவை நுண்ணுயிரிகளில் 10 லட்சத்துக்கு 5 பங்கு அளவில் இருந்தது. மீனைத் தின்று வாழும் முக்குளிப்பான் இனப் பறவைகளின் கொழுப்பில் 1,600 பங்கு வரை ஏறியிருந்தது. நீரில் எளிதில் கரையாமல் கொழுப்பில் கரையும் இந்நஞ்சை உடலால் சிதைக்கவோ கழிக்கவோ எளிதில் முடிவதில்லை. தின்ற இரையில் பெரும்பகுதி ஆற்றலாக எரிந்து தீர, நஞ்சு மட்டும் தங்கி, அடுத்து அவ்வுயிரைத் தின்பதற்குள் மேலும் செறிகிறது. முன்பு 1,000 இணைகளுக்கு மேல் கூடுகட்டிய அப்பறவைகளில், 1960இல் ஏறத்தாழ 30 இணைகளே எஞ்சின. அவற்றிடமும் குஞ்சுகளைக் காண முடியவில்லை.

ஆகவே, இங்கே கூடுவது நஞ்சின் செறிவு; கூடும் வழி உணவு. இவ்விரண்டையும் சொல்லாத 'உயிரிப் பெருக்கம்' பொருந்தாது என்பதே என் கருத்து. 'உணவுவழிச் செறிவேற்றம்' சற்று நீளமானாலும் பொருளை ஐயமின்றி உணர்த்தும். ஓர் உயிர் தன் வாழ்நாளில் நீர், காற்று, உணவு என எல்லா வழிகளிலும் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வது வேறு நிகழ்வு; அதற்கு 'உயிரித் திரட்சி' என்னும் சொல் போதும்.